காலிக் கோட்டை: மதில்களும் மனிதர்களும்

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, காலியை ஒரு சிறிய பட்டினம் என்றே குறிப்பிடுகிறார். அங்கே தம்மை வீட்டுக்கு அழைத்து விருந்தளித்தவர் இப்றாஹீம் என்னும் முஸ்லிம் கப்பற்றலைவர் என்றும் எழுதியுள்ளார். கோட்டை எழுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே அத்துறைமுகத்தில் முஸ்லிம்கள் குடியிருந்தமைக்கு இது சான்றாகும்.

போர்த்துக்கேயர் 1588இல் அமைத்த அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1663 முதல் அவர்கள் எழுப்பிய மதில்களும் கொத்தளங்களுமே இன்று நாம் காண்பவை. மதிலுக்குள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நேர்த்தெருக்கள். சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள். முன்னே தூண்கள் தாங்கிய விறாந்தை, உள்ளே முற்றம். நிலத்தடிக் கால்வாய்களின் கழிவைக் கடலின் வற்றுப்பெருக்கே கழுவிச் சென்றது. அக்காலத் தெருப் பெயர்களுள் ஒன்றின் பொருள் 'சோனக வியாபாரிகள் தெரு' என்பதாகும்.

இந்நகரம் உருக்குலையாமல் எஞ்சியதற்கு ஒரு வீழ்ச்சியே காரணம். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு 1885இல் நிறைவுற்றதும் கப்பல்கள் அங்கே சென்றன. காலியின் வணிகம் தேய்ந்தது. பழையதை இடித்துப் புதியது கட்டும் தேவையும் பணமும் அற்றுப்போயின. எஞ்சியிருந்த குடும்பங்கள் பழைய வீடுகளிலேயே வாழ்ந்து, ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி அவற்றைக் காத்தன. அவர்களுள் முஸ்லிம்கள் கணிசமானோர். 1892இல் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி எழுந்தது. தேவாலயத்தின் சாயலில் இரு கோபுரங்களுடன் மீரான் பள்ளிவாசல் 1904இல் கட்டப்பட்டது. அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவும் 1924இல் காலியிலேயே தோன்றியது.

1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கான சட்டம் வந்தது. முகப்பை மாற்றவும் உயர்த்திக் கட்டவும் அனுமதி வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மதிலுக்கு வெளியே பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் அழித்தபோது, உள்ளிருந்தோரை ஒல்லாந்தர் மதிலே பெருமளவு காத்தது.

ஆனால் காணி விலை ஏறியபோது எந்த மதிலும் தடுக்கவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வந்தரும் இவ்வீடுகளை வாங்கலாயினர். விறாந்தைகள் விடுதிகளாகவும் ஆபரணக் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறின. வெளிநாட்டவருக்குக் காணி விற்பதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. நீண்டகாலக் குத்தகைக்கு அதில் வழி இருந்தது.

விற்றவர்களைக் குறை கூறுவது எளிது. ஒரு வீட்டுக்குப் பத்து வாரிசுகள் இருந்தால் முற்றத்தைப் பத்தாகப் பிரிக்க இயலாது. இன்னோர் அறை கட்டவும் அனுமதி வேண்டும். பழைய முறையில் கூரையைத் திருத்துவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்காத செலவு. வாங்கியவர்களின் பணத்தால் இடியவிருந்த வீடுகள் சில நிமிர்ந்தன என்பதும் உண்மை. 2000களில் நெதர்லாந்தின் உதவியோடு தனியார் வீடுகள் திருத்தப்பட்டது, குடியிருப்போரை இருத்திக்கொண்டே வீட்டைக் காக்கலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி.

சட்டம் முகப்பைக் காக்கிறது. அதன் பின்னே வாழ்பவரைக் காப்பதில்லை. நகரின் வடிவம் என்பது கல்லும் ஓடும் மட்டுமல்ல. அந்தியில் விறாந்தையில் கூடும் முதியவர்கள், மத்ரஸாவுக்கு ஓடும் பிள்ளைகள், ஜும்ஆவுக்குக் கால்நடையாய் வரும் ஜமாஅத்தினர் ஆகியோருக்காகவே அவ்வடிவம் நிலைத்தது. அவர்கள் வெளியேறினால் பள்ளிவாசல் சுற்றுலாப் பயணி படம்பிடிக்கும் கட்டடமாகச் சுருங்கிவிடும். குடியிருக்கும் உரிமையாளருக்குத் திருத்த மானியம் கொடுப்பதும் கடைகளுக்கு வரம்பு இடுவதும் அரசின் கடமை. பழைய காணி உறுதிகளையும் விவாகப் பதிவுகளையும் முதியோர் நினைவுகளையும் தொகுப்பது எழுதத் தெரிந்த நமது கடமை.

இதற்கும் காலியிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. 1911இல் அது கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. கல் சிதையவில்லை; அது எதற்காக நாட்டப்பட்டது என்ற நினைவுதான் ஊரில் அழிந்திருந்தது.