பழ ஈ

மாம்பழத்தை அறுத்ததும் சதைக்குள் நெளியும் வெள்ளைப் புழு, பழ ஈயின் இளம்பருவம். அது பழத்தில் தானாகப் பிறந்ததல்ல. காய் மரத்தில் முதிரும்போதே தாய் ஈ தன் கூரிய முட்டையிடு குழாயால் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடுகிறது. ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி, அதில் கசிந்து உறைந்த பால். வெளியே தெரிவது இவ்வளவுதான்.

சமையலறையில் அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீயையும் பழ ஈ என்பது வழக்கம். அது டுரோசோபிலிடே குடும்பம். புளித்ததைத் தேடி வருவது. தோட்டத்தைக் கெடுப்பது டெஃப்ரிடிடே குடும்பம். நல்ல காயையே தேடி வருவது. மா, கொய்யாவைத் தாக்கும் கீழைப் பழ ஈயின் அறிவியல் பெயர் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். பாகல், புடலை, பீர்க்கனில் முட்டையிடுவது அதன் உறவான பூசணி ஈ.

கீழைப் பழ ஈயின் பெயர் வரலாறு நீளமானது. 2003இல் கென்யாவில் அறியப்படாத ஒரு பழ ஈ தென்பட்டது. 2005இல் இலங்கை, ஆப்பிரிக்க மாதிரிகளைக் கொண்டு அதை 'இன்வேடன்ஸ்' என்ற புது இனமாக விவரித்தார்கள். உண்மையில் அது டார்சாலிஸேதான். 2015இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. இன்று அது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரவியிருக்கிறது.

வெப்பமான காலத்தில் முட்டை ஓரிரு நாளில் பொரியும். புழு ஏறக்குறைய ஒரு வாரம் சதையைத் தின்னும். முதிர்ந்ததும் உடலை வில்லாக வளைத்து, சட்டெனத் துள்ளிப் பழத்தைவிட்டு வெளியேறும். சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள் புகுந்து, நெல்மணியைவிடச் சிறிய பழுப்புக் கூடாகும். பத்து நாள் கழித்து ஈ வெளிவரும். ஒரு பெண் ஈ வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிட வல்லது.

பழ ஈயின் பலவீனம் பீகாரின் பூசாவில் தற்செயலாகத் தெரிந்தது. கொசு விரட்டப் பூசிய சிட்ரோனெல்லா எண்ணெயில் பழ ஈக்கள் வந்து மொய்த்தன, அத்தனையும் ஆண்கள். பூச்சியியலாளர் ஹவ்லெட் 1912இல் இதை எழுதினார். ஈர்க்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்பதையும் பிறகு கண்டறிந்தார். துளசியிலும் உள்ள பொருள் அது. ஆண் ஈ அதை உண்டு, உடலில் மாற்றி, பெண்ணைக் கவரும் மணமாகச் சேர்த்து வைக்கிறது.

இன்றைய கவர்ச்சிப் பொறிகள் இந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவையே. ஆனால் பூசணி ஈ மெத்தில் யூஜினாலுக்கு வராது. அதற்குக் கியூலூர் என்ற வேறொரு கவர்பொருள் வேண்டும். மாந்தோப்புப் பொறியைப் பாகல் பந்தலில் கட்டுவது வீண் செலவு. இரண்டு பொறிகளிலும் சிக்குவது ஆண் ஈக்களே; முட்டையிடும் பெண் ஈ தப்பிவிடும். ஆகவே உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். புழு மண்ணைத் தொடக்கூடாது.