சபான் திரும்பி வராத நாள்

உடப்புசல்லாவையில் விடியக்காலை பஸ் ஏறி, நுவரெலியா, கண்டி வழியாகக் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கல்மலை பழக்கமானது. கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கி, பாதித் தூக்கத்தில் மாவனெல்லைப் பக்கம் வரும்போது தென்னைகளுக்கு மேலே மொட்டைத் தலையோடு நிற்கும். பெயர் உதுவன்கந்த. பக்கத்தில் இருப்பவர் தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, கையை நீட்டிச் சொல்வது ஒன்றைத்தான்: “அந்தா, சரதியல் இருந்த மலை.”

மலையடியில் இன்று சரதியலின் பெயரிலேயே ஒரு மாதிரிக் கிராமம் இருக்கிறது. டிக்கட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் சரதியலைப் பிடிக்கப்போய் உயிரை விட்ட கான்ஸ்டபிள் சபானின் பெயரை பஸ்ஸில் கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு.

கதை நடந்தது கோப்பிக் காலத்தில். மலைநாட்டில் அப்போது தேயிலை இல்லை, ரயிலும் இல்லை. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பரில். அது கண்டியைத் தொட்டது 1867இல். அதுவரைக்கும் கோப்பி மூட்டைகள் கீழே இறங்கியதும், கூலியாட்களுக்கான அரிசியும் உப்பும் கருவாடும் மேலே ஏறியதும் மாட்டுக் கரத்தைகளில்தான். கொழும்பு - கண்டி வீதியில் இரவும் பகலும் கரத்தைகள் ஊர்ந்தன. ஏற்றத்தில் மாடு மூச்சுவாங்கி நிற்கிற இடம் கொள்ளைக்காரனுக்கு வாய்ப்பான இடம். வீதி முழுவதையும் கண்ணுக்குக் கீழே வைத்திருந்தது உதுவன்கந்த.

தீகிரிகேவகே சரதியல் பிறந்தது 1832இல். பன்சலையில் படித்தவன். இளவயதில் கொழும்புக்குப் போய் ‘சிலோன் ரைபிள்ஸ்’ படைப்பிரிவின் முகாமில் எடுபிடி வேலை பார்த்தான். துப்பாக்கி பிடிக்கக் கற்றது அங்கேதான் என்பார்கள். அந்தப் படையில் நிறையப் பேர் மலாய்க்காரர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். ஊர் திரும்பியவனோடு சேர்ந்தவர்களில் உற்ற கூட்டாளி மம்மலே மரிக்கார் என்ற முஸ்லிம் இளைஞன். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று ஊர் சொன்னது. கரத்தைக்காரர்களிடம் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள்.

அவனை யார் பிடிப்பது? அங்கேதான் அரசாங்கத்துக்குச் சிக்கல். பொலிஸ் என்று ஒன்று இருந்தது; ஆனால் அது பெரும்பாலும் பட்டணத்துப் பொலிஸ். கிராமப்புறத்தில் ஆளைப் பிடித்துக் கொடுப்பது ஆராச்சி, விதானைமாரின் கடமை. கையில் வாரண்ட் இருக்கும். கூட வருவதற்கு ஆள் இருக்காது. அதே மலையடியில் வீடும் வயலும் வைத்திருக்கிற ஒரு ஆராச்சி, துப்பாக்கிக்காரனைத் தேடி எத்தனை தூரம் ஏறுவார்? ஒருமுறை பிடிபட்டு, கொழும்பு புதுக்கடையில் அடைபட்ட சரதியல் அங்கிருந்தும் தப்பினான் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கடைசியில் தலைக்குப் பரிசுப்பணம் என்று அறிவித்தது அரசாங்கம்.

கைது என்றால் சட்டத்தின் கணக்கில் சின்ன விஷயம். ஆளின் உடம்பைத் தொட வேண்டும், அல்லது மடக்கி நிறுத்த வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த இந்த விதி இலங்கைச் சட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. எதிரில் நிற்பவன் கையில் துப்பாக்கி இருந்தால் அந்தத் தொடுகைக்கு என்ன விலை என்பதைக் காட்டிய நாள் 1864 மார்ச் 21.

மலை காட்டிக்கொடுக்கவில்லை, மனிதன் காட்டிக்கொடுத்தான். சரதியலின் பழைய ஆள் சிறிமலே. பரிசுக்கு மயங்கிய அவன் வைத்த பொறியில் சரதியலும் மரிக்காரும் மாவனெல்லையில் ஒரு வீட்டுக்குள் வந்து இருந்தார்கள். வெளியே சிறிய பொலிஸ் கூட்டம். உள்ளே போனவர்களை வெடி வரவேற்றது. மம்மலே மரிக்கார் சுட்டதில் கான்ஸ்டபிள் துவான் சபான் செத்து விழுந்தார். சபான் ஒரு மலாய்க்காரர். மலாய்ப் படைக்காரர்களின் முகாமில் துப்பாக்கி பழகியவனை மடக்கப்போன இடத்தில் ஒரு மலாய்க்காரரின் உயிர் போனது.

வெடிச் சண்டையில் சரதியலும் காயப்பட்டான். ஆனாலும் இருவரும் பிடி கொடுக்கவில்லை. கேகாலை உதவி அரசாங்க அதிபர் சோண்டர்ஸ் ரைபிள்ஸ் படையாட்களோடு வந்து வீட்டைச் சூழ்ந்த பிறகுதான் சரணடைந்தார்கள். இரண்டு பேரைப் பிடிக்கப் பட்டாளம் தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கண்டியில் வழக்கு; குற்றம், சபானைக் கொன்றது. வருடக்கணக்கில் செய்த வழிப்பறியெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. ஏப்ரலில் தீர்ப்பு, மே 7ஆம் திகதி தூக்கு. பிடிபட்டதிலிருந்து எண்ணினால் 47 நாட்கள். போகம்பறைச் சிறை கட்டப்படுவதற்கு 12 வருடங்களுக்கு முந்திய கண்டி அது.

செத்த பொலிஸ்காரரை ஊர் மறப்பதும், சுட்டவனைக் கதையாக்குவதும் இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. றொபர்ட் பீல் லண்டனில் புதிய பொலிஸை அமைத்தது 1829இல். நான்கே வருடத்தில், 1833 மே மாதம், கோல்ட்பாத் பீல்ட்ஸ் என்ற இடத்தில் கூட்டத்தைக் கலைக்கப்போன கான்ஸ்டபிள் றொபர்ட் கல்லி கத்திக்குத்தில் இறந்தார். மரண விசாரணை ஜூரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நியாயமான கொலை என்றார்கள்! பொலிஸ் அத்துமீறியது என்பது அவர்கள் கட்சி. அவுஸ்திரேலியாவில் நெட் கெல்லியின் கூட்டம் 1878இல் தங்களைத் தேடி வந்த பொலிஸாரில் 3 பேரைக் கொன்றது. 1880இல் கலப்பை இரும்பில் செய்த கவசத்தோடு சண்டையிட்டுப் பிடிபட்ட கெல்லி, அதே வருடம் நவம்பரில் மெல்பர்னில் தூக்கிலிடப்பட்டான். அந்தக் கவசம் இன்றும் உலகப் புகழ் பெற்றது. செத்த மூவரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சபானுக்கு ஒரு நாள் கிடைத்தது. கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரராக இலங்கைப் பொலிஸ் அவரைக் கணக்கிடுகிறது. மார்ச் 21ஆம் திகதியைப் பொலிஸ் வீரர்கள் தினமாக ஒவ்வொரு வருடமும் அனுஷ்டிக்கிறது.

ஒரு கொள்ளைக் கூட்டத்தை அடக்க இத்தனை பாடா என்ற கேள்வி கொழும்பில் எழாமல் இருக்குமா? 1865இல் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் பம்பாய் மாகாணத்திலிருந்து வில்லியம் றொபர்ட் கம்பெல் என்ற அதிகாரி வரவழைக்கப்பட்டார். அவர் பொறுப்பேற்ற 1866 செப்டம்பர் 3ஆம் திகதியைத்தான் இலங்கைப் பொலிஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

அதே 1865இல், அதே சட்டப் புத்தகத்தில், சில பக்கங்கள் முன்னால் இன்னொரு சட்டம் இருக்கிறது. இலக்கம் 11. சரதியலுக்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. அது தோட்டத்து ஆட்களுக்கும் பொருந்திய வேலை ஒப்பந்தச் சட்டம். முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால், அது தொரைக்கும் கூலிக்காரனுக்கும் இடையிலான வழக்கு இல்லை, குற்றம். வாரண்ட் வரும், பிடிப்பார்கள், சிறைக்கும் அனுப்பலாம். அந்தத் தண்டனை நீங்க 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வாரண்டுக்கு ஆளானவனிடம் துப்பாக்கி இல்லை, ஏறி ஒளிய உதுவன்கந்தயும் இல்லை. கங்காணியிடம் பட்ட கடன் இருந்தது, இரவு இருந்தது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்தின் பின்பக்கமாக இறங்க ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது.

அந்தப் பாதையில் ஓடியவர்களின் கதை அடுத்த வாரம்.