ஜெர்மானியக் கொடிவழித் தொகுப்புகள்: தோற்றமும் பாதுகாப்பும்

பிறப்பு, திருமணம், இறப்பு என்னும் மூன்று செய்திகளே கொடிவழி ஆய்வின் அடிப்படை. அவை ஒரு குடும்பத்தின் தனிச்செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எழுதியதைக் காத்தவர் யார் என்று வினவத் தொடங்கினால், அவை ஒரு நாட்டின் அரசியல் வரலாறாகவே விரிகின்றன. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நாடுகளுள் ஜெர்மனி ஒன்று. அந்நாட்டின் கொடிவழித் தொகுப்புகள் உருவான வகையையும், பயன்பட்ட வகையையும், காக்கப்பட்ட வகையையும் இங்கே காண்போம்.

தொடக்கம் தேவாலயங்களில் அமைந்தது. சமயச் சீர்திருத்தம் பரவிய காலத்தில், நியூரம்பர்க் நகரின் புனித செபால்டு ஆலயத்தில் 1524 முதல் திருமணங்கள் பதிவு செய்யப்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபையும் டிரெண்டுப் பொதுச்சங்கத்தின் வழியாக 1563இல் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் இறப்புப் பதிவையும் வரையறுத்தது. முப்பதாண்டுப் போரில் (1618–1648) ஊர்கள் எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்தன. ஆகவே பல ஊர்களில் தொடர்ச்சியான பதிவுகள் அப்போருக்குப் பின்னரே கிடைக்கின்றன.

திருச்சபையிடமிருந்த இப்பணியை அரசு சிறிது சிறிதாகத் தன்வயப்படுத்தியது. ரைன் ஆற்றின் இடக்கரைப் பகுதிகள் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், அங்கே 1798 முதலே குடிமைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், பேரரசு முழுவதற்கும் 1876 ஜனவரி முதல் நாளிலும் அரசுப் பதிவகங்கள் பொறுப்பேற்றன. எனவே 1876க்கு முற்பட்ட காலத்துக்குப் பெரும்பாலான இடங்களில் தேவாலயப் பதிவேடுகளே சான்று. இச்செய்தியை நாம் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் நேர்ந்த கொடுமைக்கு இது வழிவகுத்தது.

தொடக்கத்தில் கொடிவழி ஆய்வு உயர்குடியினரின் பெருமையாகவே இருந்தது. 1763இல் வெளிவரத் தொடங்கிய கோத்தா ஆண்டுநூல் அரச குடும்பங்களையும் பிரபுக் குடும்பங்களையும் பட்டியலிட்டுப் புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வார்வம் நகரத்து நடுத்தர மக்களிடமும் பரவியது. 1869இல் பெர்லினில் ஹெரால்டு சங்கம் தோன்றியது. 1889 முதல் பிரபுக்கள் அல்லாத குடும்பங்களின் கொடிவழிகள் தொகுதிகளாக அச்சேறின. 1904இல் லைப்சிக் நகரில் ஆள்வரலாற்றுக்கும் குடும்பவரலாற்றுக்குமான நடுவ நிலையம் நிறுவப்பட்டது. உழவரும் கைவினைஞரும் தம் முன்னோரைத் தேடினர். அறிவு பரவலாகிய நற்காலம் அது.

அந்த அறிவே சில ஆண்டுகளில் ஆயுதமாயிற்று. 1933 ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட அரசு ஊழியர் சட்டம் யூத மரபினரைப் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. பணியில் நீடிக்க விரும்பியவர் தம் 'ஆரிய' மரபை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தமக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டியர் நால்வருக்குமாக ஏழு பிறப்பு அல்லது திருமுழுக்குச் சான்றுகள், அவற்றுடன் மூன்று திருமணச் சான்றுகள் என்பதே அளவு. தாத்தா பாட்டியர் பிறந்த காலத்துக்குச் சான்று தேவாலயத்திலேயே இருந்தது. பதிவேட்டை வைத்திருந்த குருமார்கள், விரும்பியோ விரும்பாமலோ, இனப் பாகுபாட்டின் எழுத்தர்கள் ஆயினர். பெர்லினில் 1936இல் திறக்கப்பட்ட திருச்சபைப் பதிவேட்டு நிலையமோ பல பங்குகளின் பதிவுகளை அட்டைகளாகத் தொகுத்தது. யூத சமயத்திலிருந்து மாறித் திருமுழுக்குப் பெற்றோரை அவ்வட்டைகள் அடையாளம் காட்டின. ஆண்டவரின் வீட்டில் ஒருவர் ஏற்கப்பட்டதற்கான சான்று, நாட்டிலிருந்து அவருடைய பேரர்களை விலக்குவதற்கான சான்றாக மாறிற்று.

யூதச் சமூகங்களின் பதிவேடுகளும் தப்பவில்லை. 1905இல் பெர்லினில் நிறுவப்பட்ட ஜெர்மானிய யூதர்களின் பொது ஆவணக்காப்பகத்தை இனக்கொடிவழி அலுவலகம் கைப்பற்றியது. அங்கும் பிற இடங்களிலும் பறிக்கப்பட்ட பதிவேடுகள் போரின் இறுதிக் காலத்தில் படமெடுக்கப்பட்டன. பின்னர் மூலங்களில் பெரும்பகுதி மறைந்தது, படச்சுருள்கள் எஞ்சின. வூர்ட்டம்பெர்க் யூதர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இன்று ஸ்டுட்கார்ட் அரசு ஆவணக்காப்பகத்தில் நாம் காண முடிவது அப்படங்களால்தான். அழிக்க எண்ணியோர் எடுத்த படங்களின் துணைகொண்டே அழிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுகின்றனர்.

போருக்குப் பின் எல்லைகள் மாறின. கிழக்கு பிரஷ்யா, பொமரேனியா, சிலேசியா முதலிய பகுதிகள் ஜெர்மனியை விட்டு நீங்கின, மக்களும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய ஊர்ப் பதிவேடுகள் எரிந்தும் சிதறியும் போயின. எஞ்சியவற்றுள் புரோட்டஸ்டண்டுப் பதிவேடுகள் பல பெர்லினில் காக்கப்படுகின்றன, கத்தோலிக்கப் பதிவேடுகள் பல ரெகன்ஸ்பர்க்கில் காக்கப்பட்டு வந்தன. கிழக்கு ஜெர்மனி 1967இல் லைப்சிக்கில் ஒரு கொடிவழி நடுவ நிலையத்தை அமைத்துப் பழைய படச்சுருள்களையும் முன்னோர் அட்டைத் தொகுப்பையும் ஒருங்கே சேர்த்தது. நாடு ஒன்றிணைந்த பின், 1995 முதல் அது சாக்சனி அரசு ஆவணக்காப்பகத்தின் பகுதியாயிற்று.

ஆவணம் கட்டடத்துக்குள் இருப்பதனாலேயே காக்கப்பட்டதாகாது. 2009 மார்ச் 3ஆம் நாள் கொலோன் நகர ஆவணக்காப்பகம் இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீள அடுக்குகளில் இருந்தவை மண்ணுள் புதைந்தன. படியெடுத்து வேறிடத்தில் வைப்பதன் தேவையை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது. ஃபிரைபர்க் அருகே மலைக்குள் அமைந்த பழைய சுரங்கத்தில், 1975 முதல் நாட்டின் முதன்மை ஆவணங்களின் நுண்படங்கள் எஃகுக் கலன்களில் அடைக்கப்பட்டு வைக்கப்படுகின்றன. 2015இல் தொடங்கிய ஆர்க்கியோன் தளத்தில் புரோட்டஸ்டண்டுத் தேவாலயப் பதிவேடுகள் மின்வடிவில் கிடைக்கின்றன.

எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடுவதும் முறையன்று. 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டுகளும், திருமணப் பதிவுகள் 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவுகள் 30 ஆண்டுகளும் பதிவகத்திலேயே இருக்கும். அதன் பின்னரே அவை ஆவணக்காப்பகம் சென்று ஆய்வாளர்க்குத் திறக்கும். வாழ்வோரின் தனிவாழ்வையும் வரலாற்றின் தேவையையும் ஒருசேர மதிக்கும் ஏற்பாடு இது.

இவ்வரலாற்றில் பதிவேடு பொய் கூறவில்லை என்பதை மாணவர்கள் கருத வேண்டும். அது மெய்யாகவும் செவ்வையாகவும் இருந்தமையாலேயே தீங்கு எளிதாயிற்று. அதே செவ்வைதான் இன்று இழந்த குடும்பங்களை மீட்டுத் தருகின்றது. ஆதலால் ஆவணத்தை ஈரத்திலிருந்தும் தீயிலிருந்தும் காப்பதோடு காப்பாளரின் கடமை முடிவதில்லை. அதைக் கேட்டு வருபவர் எதற்காகக் கேட்கிறார் என்று வினவும் துணிவும் அக்கடமையின் பகுதியே. பழம்பதிவு ஒன்றை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள், அதில் உள்ள பெயர்களோடு இவ்வினாவையும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.