புலியை எண்ணக் கற்றுக்கொடுத்த பணம்

காலை நடைக்கு என்னோடு வரும் நண்பர் சென்ற வாரம் ஒரு கவலையைச் சொன்னார். அவருடைய பேத்தி எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறாள். புலி, சிறுத்தை, காட்டுப்பூனை என்று ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளாம். "புலி பின்னால நாலு வருஷம் சுத்துறதுக்கு எவன் சார் பணம் குடுப்பான்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வரலாற்றில் அதற்குப் பதிலும் இருக்கிறது.

1973-இல் நேபாளத்தின் சித்வன் காட்டில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் நேபாள அரசும் சேர்ந்து ஒரு புலி ஆராய்ச்சியைத் தொடங்கின. உலக வனவிலங்கு நிதியம் பணம் கொடுத்தது. புலிக்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, அது போகும் இடமெல்லாம் பின்தொடர வேண்டும். களத்தில் இறங்கியவர்களில் இன்னும் பட்டம் வாங்காத ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கீர்த்தி மான் தமாங்கை, மரத்தின் மேல் இருந்தபோதே ஒரு பெண்புலி பாய்ந்து தாக்கிப் படுகாயப்படுத்தியது. இன்னொருவர் மெல் சன்குவிஸ்ட். ஒரு ஆண்புலியின் எல்லைக்குள் பல பெண்புலிகளின் எல்லைகள் அடங்கும் என்பதெல்லாம் அங்கேதான் அளந்து அறியப்பட்டது.

சன்குவிஸ்ட் பின்னர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரிடம் படிக்கப் போனவர் உல்லாஸ் காரந்த். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். இன்ஜினியரிங் படித்து, விவசாயம் பார்த்து, நாற்பதை நெருங்கும் வயதில் இந்தத் துறைக்கு வந்தவர். அவருடைய நாகரஹொளே ஆராய்ச்சிக்கு நியூயார்க் விலங்கியல் சங்கம் துணை நின்றது.

அந்நாளில் நம் நாட்டில் புலியை எப்படி எண்ணினார்கள் தெரியுமா? காலடித் தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்து, இது இன்ன புலி என்று கணக்கு எழுதுவார்கள். இது நம்பத்தகுந்ததல்ல என்றார் காரந்த். காட்டுப் பாதையின் இருபுறமும் தானியங்கிக் கேமராக்களை வைத்தார். நம் கைரேகை போலப் புலிக்குப் புலி வரி மாறும். முதலில் படத்தில் சிக்கிய புலிகளில் எத்தனை மறுபடியும் சிக்குகின்றன என்று பார்த்தால், சிக்காதவை எத்தனை இருக்கும் என்பதையும் கணக்கிடலாம். 1995-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பத்து வருடம் கழித்து அதன் அருமை தெரிந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில், ஏட்டில் புலிகள் இருந்தன; காட்டில் ஒன்றுகூட இல்லை! பிறகு, கேமராவையும் சேர்த்து டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் வகுத்த புதிய முறையில், 2006-ஆம் ஆண்டுக் கணக்கு எடுக்கப்பட்டது. முன்பு 3,642 என்று சொன்ன இடத்தில் 1,411 என்று வந்தது. முறை வேறு என்பதால், வித்தியாசம் முழுவதும் செத்த புலிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் பொய்க் கணக்கை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தோம் என்பது நிச்சயம்.

பணம் எதிர்பாராத இடத்திலிருந்தும் வரும். ரோட்னி ஜாக்சன் பனிச்சிறுத்தைக்கு ரேடியோ பட்டை மாட்டப் போகிறேன் என்றபோது, அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. ரோலக்ஸ் கைக்கடிகாரக் கம்பெனி 1981-இல் அவருக்குப் பரிசு கொடுத்தது. அதைக் கொண்டு நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் நான்கு வருட ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஐந்து பனிச்சிறுத்தைகளுக்குப் பட்டை மாட்டினார்.

இன்றும் இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளை, நம்மைப் போன்ற நாடுகளில் இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கிறது. முதல் வேலையை ஒழுங்காக முடித்தால் அடுத்த தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பான்தெரா என்ற அமைப்பு சிறு பூனை இனங்களுக்கென்றே தனி நிதி வைத்தது.

இந்தப் பணம் யாரையும் பணக்காரராக்காது. ஜீப்புக்கு டீசல், கேமராவுக்கு பேட்டரி, உடன் வரும் பழங்குடி வழிகாட்டிக்குக் கூலி என்று கரைந்துவிடும். வேலை முடிந்ததும் அடுத்த விண்ணப்பம் எழுத வேண்டும். பென்ஷன் உத்தியோகம் பார்த்த நமக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் சித்வனில் ஒரு மாணவருக்குச் செய்த செலவு, அவருடைய மாணவர் வழியாக, நம் காட்டுக் கணக்கையே திருத்த உதவியது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அந்த ரஃபோர்டு பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார்" என்றார்.