சோளக் கொல்லையும் அமினோ அமிலமும்

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் விதைத்த முன்னாளைக் குடியானவர்கள், அவற்றினூடே துவரையையும் மொச்சையையும் தட்டைப்பயற்றையும் கலந்து விதைத்தது, மழை பொய்த்த வருஷத்தில் ஒன்றில்லாவிட்டால் மற்றொன்றாவது கைகொடுக்கும் என்ற முன்யோசனையினாலேதான் என்றாலும், கொல்லையில் கூடி வளர்ந்தவை உலையிலும் கூடிச் சோளச்சோறும் பருப்புக் குழம்புமாக இலைக்கு வந்தபோது, ஆகார சாஸ்திரத்தின் சூக்ஷ்மம் ஒன்று அவர்கள் அறியாமலே நிறைவேறிவிட்டது. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைந்துள்ள மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தைத் தானியம் ஈடுசெய்கிறது.

இந்த உண்மைக்கு விஞ்ஞான ரீதியான ஆதாரம், 1914-இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் இருவர், மக்காச்சோளப் புரதமாகிய ஸெயினை மாத்திரம் புரதமாகப் பெற்ற எலிகள் வளராமல் நின்றதையும், டிரிப்டோபேன், லைசின் என்னும் அமினோ அமிலங்களைச் சேர்த்த பிறகு வளர்ந்ததையும் காட்டியபோது கிடைத்தது. ஜப்பானியர் 1956-இல் இன்னோர் அமினோ அமிலமாகிய குளூட்டாமிக் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிரைக் கண்டறிந்ததன் பயனாக, லைசினும் நொதிக்கவைத்து மலிவாக உற்பத்தியாகத் தொடங்கியது. இன்று மக்காச்சோளச் சாகுபடியில் தமிழகத்தின் முன்னணியில் நிற்கும் பெரம்பலூர் ஜில்லாவின் விளைச்சல் கோழித் தீவனத்துக்குப் போகையில், அதன் குறையை நீக்க லைசினும் மெத்தியோனினும் கலக்கப்படுகின்றன. பாட்டனார் கொல்லையில் பயறு செய்த காரியத்தை, ஆலையில் பிறந்த தூள் செய்கிறது.

ஆயினும் குறையைப் போலவே மிகையும் தோஷமே. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து நிபுணர் டாக்டர் சி. கோபாலன், ஸ்ரீகண்டையாவுடன் சேர்ந்து 1960-இல், சோளத்தையே பிரதான ஆகாரமாகக் கொண்டவர்களுக்கு வரும் பெல்லாக்ரா என்ற நோய்க்கு அதிலுள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்தின் மிகுதி காரணமாகலாம் என்ற கருத்தை வெளியிட்டார். 1989-இல் அமெரிக்காவில், தூக்கத்துக்கென டிரிப்டோபேன் மாத்திரை உட்கொண்டவர்களில் 1,500 பேருக்கு மேல் கடுமையான தசைவலியும் இரத்தத்தில் வெள்ளணுப் பெருக்கமும் கண்டு அவதியுற, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலான சம்பவங்கள் ஒரே தொழிற்சாலையின் சரக்கோடு தொடர்புபட்டிருந்தமையால், அதிற்கலந்த மாசே காரணமென்று சந்தேகிக்கப்பட்டது.

ஆதலால், தானியமும் பருப்பும் மோரும் முட்டையும் தாராளமாக உண்ணும் ஆரோக்கியவான்களுக்கு அமினோ அமிலப் பொடிகள் பெரும்பாலும் அநாவசியம். குறிப்பாகச் சிறுநீரக, ஈரல் வியாதி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கலந்தாலோசியாமல் அவற்றைத் தொடலாகாது.