இரண்டு பேர் காவக்கூடிய ஆஸ்பத்திரி

எங்கட ஊர்களில் 'தற்காலிகம்' என்ற சொல்லை ஆரும் லேசில் நம்புவதில்லை. தற்காலிகக் கொட்டில், தற்காலிக வகுப்பறை, தற்காலிக முகாம் என்று கேட்டவுடனேயே, 'எத்தனை வருசத்துக்கு?' என்ற கேள்வியும் கூடவே வரும். இன்னொரு பக்கம் நடமாடும் வைத்தியசாலை, கொன்டெய்னரில் கடை, பாகம் பாகமாகப் பூட்டும் வகுப்பறை என்று இடம்மாறக்கூடிய வசதிகளைப் பற்றி இப்ப நிறையக் கதைக்கிறார்கள். செலவு குறைவு, நேரம் மிச்சம், தேவை முடியக் கழற்றலாம் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் எப்போது உண்மை, எப்போது பொய்யாகிப் போகிறது என்று அறிய, இந்த யோசனையின் பழைய கதை ஒன்றைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

1854 இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியாவில் சண்டை போட்டன. காயப்பட்ட, நோய்ப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே துருக்கியர்களின் பென்னாம்பெரிய படைமுகாம் கட்டடம் ஒன்று ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் தாதிகளோடு போய் இறங்கியதும் இங்கேதான்.

கட்டடம் பலமானது. ஆனால் அதுக்குக் கீழே போன கழிவுக் கான்கள் அடைபட்டுக் கிடந்தன. சனநெரிசல், காற்றோட்டம் இல்லை, தண்ணீரும் சுத்தமில்லை. 1855 பெப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்ட நூறு பேரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது குண்டுக்காயம் அல்ல, வயிற்றோட்டமும் காய்ச்சலும். மார்ச் மாதம் சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்து கான்களைத் துப்புரவாக்கத் தொடங்கியது. அதுக்குப் பிறகு சாவு வேகமாகக் குறைந்தது.

அதே குளிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கூடாரங்களில் விறைத்துக்கொண்டிருந்த சிப்பாய்களுக்காக, பூட்டக்கூடிய மரக்குடில்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் அனுப்பப்பட்டன. அவை பலக்லாவா துறைமுகம் வரைக்கும் வந்தன. அங்கிருந்து படைகள் இருந்த மேட்டுக்கு சில மைல்தான். ஆனால் பாதை முழுக்கச் சேறு, இழுக்கக் குதிரைகளும் போதாது. பாரமான பலகைகள் துறைமுகத்தில் கிடக்க, ஆக்கள் மேலே குளிரில் கிடந்தார்கள். பொருள் வந்துவிட்டது, சேவை வரவில்லை. எங்கட பக்கத்தில் நிவாரணப் பொருட்களுக்குக் காத்திருந்த ஆக்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த நிலைமையில், 1855 பெப்ரவரியில் பிரித்தானிய யுத்த அலுவலகம் இசம்பார்ட் கிங்டம் புரூனலிடம் போனது. பாலங்கள், ரயில்பாதைகள், பெரும் கப்பல்கள் கட்டிப் பேரெடுத்த பொறியியலாளர் அவர். இங்கிலாந்திலேயே செய்து, கப்பலில் ஏற்றி, எங்கே வேண்டுமோ அங்கே பூட்டக்கூடிய, 1,000 நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்று வேண்டும் என்பதுதான் கேள்வி.

புரூனல் செய்த திட்டத்தை இன்றைக்குப் பார்த்தாலும் ஆச்சரியம் வரும். முழு ஆஸ்பத்திரியையும் ஒரே கட்டடமாக யோசிக்காமல், ஏறக்குறைய 50 கட்டில்கள் கொண்ட ஒரு மரக்கட்டடத்தை அலகாக எடுத்தார். ஒவ்வொரு அலகுக்கும் தன்ர மலசலகூடம், குளிக்கும் இடம், தாதிக்கு அறை எல்லாம் உள்ளேயே இருந்தன. மூடப்பட்ட ஒரு நீண்ட நடைபாதைதான் இந்த அலகுகளை ஒன்றோடொன்று சேர்த்தது. நிலம் எப்படி இருந்தாலும் அதுக்கேற்றபடி அடுக்கலாம். ஆக்கள் கூடினால் இன்னும் நாலு அலகைக் கொண்டுவந்து சேர்க்கலாம். வெயில் திருப்பி அடிக்கட்டும் என்று கூரைக்கு மினுக்கிய தகரம். ஒவ்வொரு வார்ட்டுக்கும் ஒரு ஆள் கையால் சுற்றக்கூடிய காற்றாடி. அது நிலத்துக்குக் கீழால் வெளிக்காற்றை உள்ளே தள்ளும். நெருப்புப் பயத்தால் குசினியும் சலவைக்கூடமும் தனியாக, இரும்பில். கழிவுநீர் போக மரத்தாலேயே கான்கள். மலசலகூடக் கடதாசி கூட இங்கிலாந்திலிருந்தே போனது.

எங்களுக்கு மிகவும் பிடித்த விசயம் இன்னொன்று. ஒவ்வொரு பொதியும் இரண்டு பேர் காவக்கூடிய பாரத்துக்குள் இருக்க வேண்டும் என்று புரூனல் விதி வைத்தார். குதிரை, வண்டி, பாதை எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு ஆக்கள் தூக்கிக்கொண்டு போகலாம். பலக்லாவாவில் என்ன நடந்தது என்பதை யோசித்தால் இந்த விதியின் பெறுமதி விளங்கும்.

அனுப்ப முதல், லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தில் மாதிரிக் கட்டடம் ஒன்றைப் பூட்டிப் பார்த்தார்கள். வேலையைப் பொறுப்பெடுத்தது குளொஸ்டர் நகரில் மரவேலைத் தொழில் நடத்திய வில்லியம் ஈசி. வைத்தியர் எட்மண்ட் பார்க்ஸ் முன்கூட்டியே போய் இடம் பார்த்தார். டார்டனெல்ஸ் நீரிணையின் கரையில், பழைய ட்ரோய் நகரத்துக்குக் கிட்ட, நல்ல ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும் ரென்கியோய் என்ற இடம் தெரிவானது. ஜோன் பிரன்டன் என்ற பொறியியலாளர் அங்கே பூட்டும் வேலையை நடத்தினார். யூலை மாதமளவில் 300 பேரை எடுக்கத் தயார். வருட முடிவில் 1,000 கட்டில்கள்.

அங்கே ஏறக்குறைய 1,300 நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள். செத்தவர்கள் ஏறக்குறைய 50 பேர். ஸ்குட்டாரியின் கணக்கோடு ஒப்பிட்டு இதை அதிசயம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம். ரென்கியோய்க்கு முதல் நோயாளிகள் வந்தது 1855 ஒக்டோபரில். அதுக்குள் யுத்தத்தின் மிக மோசமான குளிர்காலம் முடிந்திருந்தது. ஸ்குட்டாரியிலும் சாவு குறைந்துவிட்டது. 1856 மார்ச்சில் சமாதான உடன்படிக்கை. அந்த வருடமே ஆஸ்பத்திரி மூடப்பட்டு, கட்டடப் பொருட்கள் விற்கப்பட்டன. எவ்வளவு வேகமாகச் செய்தும், மிகவும் தேவைப்பட்ட நேரத்துக்கு அது வந்து சேரவில்லை.

என்றாலும் ஒரு பாடம் தெளிவு. ஸ்குட்டாரியில் கல்லுக் கட்டடம் இருந்தது, கான் வேலை செய்யவில்லை. ரென்கியோயில் இருந்தது வெறும் பலகை, ஆனால் தண்ணீரும் காற்றும் கழிவும் முதல் நாளே வரைபடத்தில் இருந்தன. காவிக்கொண்டு போனது சுவரை மட்டுமில்லை.

இதே யோசனை 90 வருடம் கழித்து வீடுகளுக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சால் பிரித்தானியாவில் இலட்சக்கணக்கான வீடுகள் அழிந்தன. 1944 இல் அரசாங்கம் தற்காலிக வீடுகளுக்கென்று சட்டமே போட்டது. 1945 இலிருந்து 1949 வரை 156,000க்கும் மேற்பட்ட பூட்டு வீடுகள் எழும்பின. இதில் 50,000க்கும் மேற்பட்டவை அலுமினியத்தால் ஆனவை. சண்டை முடிய வேலை இல்லாமல் போன விமானத் தொழிற்சாலைகளில்தான் அவற்றைச் செய்தார்கள். நாலு துண்டுகளாக லொறியில் வரும், இடத்தில் வைத்துப் பூட்டுவார்கள். தொழிற்சாலைக்கு வேலை, சனத்துக்கு வீடு.

உள்ளே சுடுதண்ணீர், குளியலறை, பொருத்திய குசினி, குளிர்சாதனப் பெட்டி கூட இருந்தன. வெளிக் கக்கூசோடு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இது சொர்க்கம் மாதிரி. பத்துப் பதினைந்து வருடத்துக்கு என்று போட்ட வீடுகளில் பல, அரை நூற்றாண்டு தாண்டியும் நின்றன. அவற்றை இடிக்க வந்தபோது எதிர்த்த குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். அங்கே 'தற்காலிகம்' நீண்டது, ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது தண்டனையாக இருக்கவில்லை.

வியாபாரத்துக்கும் ஒரு உதாரணம். 2011 பெப்ரவரி 22 இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் வந்த பூமிநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள், நகரின் நடுப்பகுதி அடைக்கப்பட்டது. கடைக்காரர் வேறு இடம் போய்விட்டால் நகரம் திரும்ப எழும்பாது என்ற பயம் இருந்தது. அதே வருடம் ஒக்டோபர் கடைசியில், கப்பல் கொன்டெய்னர்களை அடுக்கி 'ரீஸ்டார்ட்' என்ற கடைத்தொகுதியைத் திறந்தார்கள். உடுப்புக்கடை, கோப்பிக்கடை என்று ஆக்கள் வரத் தொடங்கினார்கள். சுற்றிவர நிரந்தரக் கட்டடங்கள் எழும்ப, 2018 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. வேலையைச் செய்தது, விலகியது.

சரி, இப்ப எங்கட பக்கம் வருவோம்.

2009 இல் வன்னியிலிருந்து வந்த சனம் செட்டிகுளம் மெனிக்பாமில் தகரக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் அடைக்கப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்கள். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒகஸ்ட்டில் மழை பெய்தபோது கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது, மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. கூரைகளை வரிசையாக அடுக்கத் தெரிந்தவர்களுக்கு, தண்ணீர் எங்கே ஓடும் என்ற கேள்வி வரவில்லை. முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

வலிகாமம் வடக்கு ஆக்களின் கதை இன்னும் நீளம். 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, கால் நூற்றாண்டு கடந்தும் மல்லாகம் கோணப்புலம் போன்ற நலன்புரி நிலையங்களில் இருந்தன. முகாமில் பிறந்து, முகாமிலேயே கலியாணம் கட்டி, பிள்ளையும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலம் விடப்படாத வரைக்கும் எந்தக் கொட்டிலையும் கழற்ற வழியில்லை. கிறைஸ்ட்சேர்ச்சில் கழற்ற முடிந்ததுக்குக் காரணம் கொன்டெய்னர் மட்டுமில்லை, பக்கத்தில் நிரந்தரமானது எழும்பிக்கொண்டிருந்தது.

ஆகவே இடம்மாறும் வசதிகளுக்கு நாங்கள் எதிரில்லை. ஒரு தூரக் கிராமத்துக்கு மாதம் இரண்டு தரம் பல்வைத்தியர் பஸ்ஸில் வந்தால் நல்லது. வெள்ளத்தில் பள்ளிக்கூடம் போனால், ஒரு கிழமைக்குள் வகுப்பறை பூட்டப்பட்டால் இன்னும் நல்லது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாங்குவோம். தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? வெயிலுக்கும் மழைக்கும் என்ன ஏற்பாடு? உள்ளே வேலை செய்யப்போவது ஆர், அடுத்த வருடமும் சம்பளம் வருமா? எந்தத் திகதியில் கழற்றுவீர்கள், அதுக்குள் நிரந்தரமாக என்ன கட்டுவீர்கள்? முதல் மூன்று கேள்விக்கும் புரூனல் 1855 இலேயே காகிதத்தில் பதில் எழுதி வைத்திருந்தார்.

உங்கட ஊரிலும் 'தற்காலிகம்' என்று சொல்லிப் போட்ட கட்டடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அது எந்த வருடம் போட்டது, எப்போது கழற்றுவதாகச் சொன்னார்கள் என்று ஊர்ப் பெரியாக்களிடம் ஒருக்கா விசாரித்துப் பாருங்கோ. அந்தத் திகதிகளை எழுதி வையுங்கோ. எங்கட ஊர்களின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.