காவிரிப் படுகை முஸ்லிம்களின் உடை மரபு

இஸ்லாம் கூறும் உடல் மறைப்பு நெறியைத் தஞ்சை, திருவாரூர், நாகை வட்டார முஸ்லிம்கள் தமக்குக் கிடைத்த துணிகளைக் கொண்டு கடைப்பிடித்து வந்த முறையே காவிரிப் படுகை முஸ்லிம்களின் உடை மரபு ஆகும். நெறி ஒன்றாக இருக்க, உடையின் வடிவமும் நிறமும் காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளன.

நெறி

திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் (அந்நூர்) இது குறித்து முதலில் ஆண்களிடமே பேசுகிறது. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவும் கற்பைப் பேணவும் 30-ஆம் வசனம் அவர்களைப் பணிக்கிறது. 31-ஆம் வசனம் அதையே பெண்களுக்கும் கூறி, முக்காட்டுத் துணியால் மார்பை மறைத்துக்கொள்ளச் சொல்கிறது. வெளியே செல்லும் பெண்கள் மேலாடை அணிவது பற்றி 33-ஆம் அத்தியாயத்தின் 59-ஆம் வசனம் குறிப்பிடுகிறது. இவற்றில் எதுவும் நிறத்தையோ தையலையோ வரையறுக்கவில்லை.

மறைக்க வேண்டிய உடற்பகுதி 'அவ்ரத்' எனப்படும். ஆணுக்கு அது தொப்புள் முதல் முழங்கால் வரை. உள்ளூர்ப் பகுதி இராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் அடங்கும். கடலோர மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அடங்காது. பெண்ணுக்கு முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் நீங்கலாக மற்றவை என்பது அறிஞர் பலரின் கருத்து. முகத்தையும் மறைக்க வேண்டும் என்போரும் உண்டு.

ஆடவர் உடை

வேட்டியோடு கைலியும் இங்கு ஆண்களின் உடையாயிற்று. மலாயா, பர்மா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்ற 'சபுராளிகள்' அதன் பரவலுக்குத் துணை நின்றனர். இரு முனைகளும் மூட்டித் தைக்கப்பட்டிருப்பதால், தொழுகையில் குனிந்து நிமிரும்போது கைலி விலகுவதில்லை.

தூய பட்டும் தங்கமும் ஆண்களுக்கு விலக்கப்பட்டவை, பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டவை. எனவே திருபுவனம் பட்டு மணப்பெண்ணுக்கு உரியதாகிறது. மணமகன் பருத்தி போன்ற பிற துணிகளை உடுத்த வேண்டும். உடைக் கட்டுப்பாடு பெண்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் சரியன்று என்பதற்கு இதுவே சான்று.

பெண்டிர் உடை

வீட்டில் சேலை முந்தானையே முக்காடு. வெளியே செல்லும்போது சேலைக்கு மேல் வெள்ளைப் பருத்தித் துப்பட்டியைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வது பழைய வழக்கம். 1970-களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பெருகினர். அந்தத் தொடர்பும் சமயப் பிரசாரமும் சேர்ந்து, தைத்த கருப்புப் பர்தாவைப் பரவலாக்கின. துப்பட்டி மூத்த பெண்களோடு அருகி வருகிறது.

உடையும் ஒதுக்கமும்

உடல் மறைப்பு வேறு. பெண்களை வீட்டுக்குள் இருத்தும் 'கோஷா' வழக்கம் வேறு. இரண்டும் ஒன்றாக எண்ணப்பட்டதால் பெண்களின் கல்வி பாதிக்கப்பட்டது.

கும்பகோணத்தை அடுத்த கீழ்மாந்தூரில் 1885-இல் பிறந்த பா. தாவூத் ஷா, தம் 'தாருல் இஸ்லாம்' இதழில் முஸ்லிம் பெண்களின் கல்விக்காக எழுதினார். நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகத்தின் பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எனினும் வீட்டிலிருந்தே பயின்று, 1938-இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். தமிழ் முஸ்லிம் பெண் நாவலாசிரியர்களில் முன்னோடியாக அவர் மதிக்கப்படுகிறார்.

துப்பட்டிக் காலத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத சிறுமிகள் இருந்த ஊர்களிலிருந்து, பர்தா அணிந்த மாணவியர் இன்று கல்லூரிக்குச் செல்கின்றனர். முன்பு சிறுமியரின் படிப்பை நிறுத்தியது மேலே போர்த்திய துணி அன்று, வாசலைத் தாண்டக் கூடாது என்ற வழக்கமே என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.